பதினாறு அடியில் ஓர் இழுவைப் படகு

நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஃபைபர் படகுப் பட்டறை வைத்திருக்கிறேன். 2004 சுனாமிக்கு அப்புறம் இந்தக் கரை முழுக்க ஃபைபர் படகு கேட்டு ஆட்கள் வந்துகொண்டே இருந்த நாட்களில் தொழில் கற்றவன். இதுவரை செய்ததெல்லாம் பெரும்பாலும் மீன்பிடிப் படகுகள்தான். ஆறு வருடத்துக்கு முன் கிழக்குக் கடற்கரைச் சாலையில், உப்பங்கழி ஓரமாகப் படகுக் குழாம் நடத்துகிற ஒருவர் வந்தார். நீர்ச்சறுக்கு (ஸ்கீ), வேக்போர்டு (ஒரே பலகையில் பக்கவாட்டாக நின்று ஓடுவது) இரண்டுக்கும் ஆளை இழுக்க ஒரு படகு வேண்டும் என்றார். வெளிநாட்டுப் படகின் விலையைக் காட்டினார். அமெரிக்காவிலேயே புதிய வேக்போர்டு படகுகள் பல ஒரு லட்சம் டாலரைத் தாண்டுகின்றன. கப்பல் கூலி, இறக்குமதி வரி எல்லாம் சேர்த்தால் அவருடைய குழாம் மொத்தமும் அந்த விலை பெறாது.

அவருக்காக நான் முதலில் கட்டிய படகு சரியாக அமையவில்லை. இரண்டாவது அமைந்தது. அதே அச்சில் அதற்குப் பின் இன்னும் மூன்று கட்டினேன். முதல் படகுக்கும் இரண்டாவதுக்கும் இடையில் கற்றுக்கொண்டதை எல்லாம் இங்கே எழுதுகிறேன். ஃபைபர் வேலை தெரிந்த எந்தப் பட்டறையும் இதைச் செய்யலாம்.

விலையைக் கண்டு இது பணக்கார விளையாட்டு என்று ஒதுங்க வேண்டாம். 1922-இல் அமெரிக்காவின் மின்னசோட்டாவில், பெபின் ஏரியில், ரால்ஃப் சாமுவேல்சன் என்ற 18 வயதுப் பையன் எட்டடி நீளம், ஒன்பது அங்குல அகலத்தில் இரண்டு பலகை எடுத்து, முனைகளைக் கொதிநீரில் வேகவைத்து வளைத்து, அதில் நின்று காட்டினான். இழுத்தது அவன் அண்ணனின் படகு. விளையாட்டுக்கென்று தனிப் படகு வந்தது எல்லாம் ரொம்பப் பிறகுதான்.

இரண்டு விளையாட்டு, இரண்டு அலை

ஓடுகிற படகு பின்னால் விட்டுப்போகிற அலையைத்தான் வேக் என்கிறார்கள். நான் பின்னலை என்று எழுதுகிறேன். ஸ்கீ ஓட்டுகிறவருக்கு இந்த அலை எவ்வளவு தாழ்வாக இருக்கிறதோ அவ்வளவு நல்லது. ஒற்றை ஸ்கீயில் இப்பக்கமும் அப்பக்கமும் வெட்டி ஓடுகிறவர் ஒவ்வொரு வெட்டிலும் அதைக் கடக்க வேண்டும். போட்டியில் ஆண்கள் மணிக்கு 58 கிலோமீட்டர், பெண்கள் 55 கிலோமீட்டர் வரை போகிறார்கள். அந்த வேகத்தில் அரையடி உயர அலை முழங்காலில் இடிக்கும். வேக்போர்டு ஓட்டுகிறவருக்கு நேர் எதிராக வேண்டும். அவர் 30 முதல் 37 கிலோமீட்டர் வேகத்தில் போவார். அந்த அலையைச் சாய்தளம் மாதிரி ஏறித்தான் காற்றில் எழும்புவார். அலை பெரிதாக, வழவழப்பாக, உச்சி உடையாமல் இருக்க வேண்டும்.

பின்னலையின் அளவை முக்கியமாகத் தீர்மானிப்பவை மூன்று: படகின் மொத்த எடை, ஓடும் வேகம், அடிப்பகுதியின் வடிவம். எடை கூடினால் படகு தண்ணீரை அதிகம் ஒதுக்கும், அலை பெரிதாகும். நல்ல வேகத்தில் எழும்பி ஓடும் லேசான படகு தண்ணீரின் மேல்பரப்பைத் தடவிக்கொண்டு போகும், அலை படுத்துவிடும். ஆகவே ஒரே படகில் இரண்டும் வேண்டும் என்றால் வழி ஒன்றுதான். படகை முடிந்த மட்டும் லேசாகக் கட்டு. வேக்போர்டு நேரத்தில் மட்டும் எடையை ஏற்று. கனமாகக் கட்டிவிட்டால் அதை லேசாக்க எந்த வழியும் கிடையாது.

முதல் படகில் நான் விட்ட இடம் இதுதான். மீன்பிடிப் படகு மணலில் இழுபடும், அலையில் கரை மோதும். அதற்குப் பழகிய கை, மேட் என்கிற ஃபைபர் விரிப்பை அடுக்கிக்கொண்டே போய்விட்டது. முடித்து செயின் பிளாக்கில் தொங்கவிட்டு எடை பார்த்தேன். வெறும் உடல் 520 கிலோ. என் தங்கை மகன் துபாயில் நீர்விளையாட்டுப் படகு ஓட்டியவன், நன்றாக ஸ்கீயும் செய்வான். அவனை வைத்து ஓட்டிப் பார்த்தோம். மூன்றாவது சுற்றில் கயிற்றை விட்டுவிட்டு நீந்தி வந்தான். "மாமா, அலை கல்லு மாதிரி இருக்கு. ஒவ்வொரு தடவை கடக்கும்போதும் முட்டி அதிருது" என்றான். படகின் பக்கத்தில் தண்ணீரில் நின்றபடியே இரண்டு கையாலும் அலையின் உயரத்தைக் காட்டினான். ஒரு சாண் இருக்கும். அந்தக் கை அளவு இன்னும் எனக்குக் கண்ணில் நிற்கிறது.

கணக்கைக் காகிதத்தில் முடியுங்கள்

அச்சு செய்வதற்கு முன் எடைக் கணக்குப் போடுங்கள். என் இரண்டாவது படகின் கணக்கு இது: உடல் 310 கிலோ, 60 குதிரைத்திறன் நான்கு ஸ்ட்ரோக் அவுட்போர்டு மோட்டார் (படகின் பின்னால் வெளியே மாட்டுவது) 115, பெட்ரோல் 20, பேட்டரி 20, ஓட்டுநரும் பின்னால் பார்த்துக்கொள்பவரும் 150, இழுவைக் கம்பம், நங்கூரம், கயிறு, மிதவைச் சட்டைகள் எல்லாம் 65. மொத்தம் 680 கிலோ.

வேகத்தைக் கணக்கிட ஜார்ஜ் கிரவுச் என்ற அமெரிக்கப் படகு வடிவமைப்பாளரின் சூத்திரம் ஒன்று இருக்கிறது. கிலோவுக்கு மாற்றினால் இப்படி வரும்: மொத்த எடையைக் குதிரைத்திறனால் வகுத்து, அதன் வர்க்கமூலத்தால் 195-ஐ வகுத்தால் மணிக்குக் கிலோமீட்டர். சாதாரண வடிவப் படகுக்கு இந்த 195 பொருந்தும். 680-ஐ 60-ஆல் வகுத்தால் 11.3, வர்க்கமூலம் 3.37. வேகம் 58. ஒற்றை ஸ்கீக்குத் தேவையான உச்சத்தைத் தொடுகிறது. அதே படகில் 40 குதிரைத்திறன் என்றால் 47 வரும். இரட்டை ஸ்கீ கற்றுக்கொள்ள, வேக்போர்டு ஓட்ட அது போதும். 520 கிலோ உடலுக்கு இந்தச் சூத்திரம் 50 சொல்கிறது. ஜிபிஎஸ்ஸும் 50-ஐ ஒட்டித்தான் காட்டியது.

இப்போது வேக்போர்டுக்கு 280 லிட்டர் தண்ணீரும் கூட இரண்டு ஆட்களும் ஏறட்டும். 1,100 கிலோ. 60-க்கு 45 கிலோமீட்டர் வேகம் வரும், கையில் மிச்சம் இருக்கும். 40-க்கு 37-தான் வரும். மோட்டார் எப்போதும் கத்திக்கொண்டே ஓட வேண்டியிருக்கும், தண்ணீரில் கிடக்கும் கனமான ஆளைத் தூக்கி நிறுத்தத் திணறும். அதனால் குழந்தைகளுக்கும் தொடக்கக்காரர்களுக்கும் மட்டும் என்றால் 40, எல்லோருக்கும் என்றால் 60 என்று சொல்வேன். அதற்கு மேல் வாங்குவது பின்புறத்தில் எடையைக் கூட்டுவதுதான்.

செலவில் பெரிய பங்கு மோட்டார்தான். என் கணக்கில் உடலுக்கு ஆன செலவைப் போல இரண்டு மடங்கு ஆனது. பழைய மோட்டார் வாங்குவதாக இருந்தால் ஒரு காரியம் செய்யுங்கள். கீழ்க் கியர் பெட்டியின் அடித் திருகை லேசாகத் தளர்த்தி, வரும் எண்ணெயைக் கையில் பிடித்துப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் வந்தால் உள்ளே தண்ணீர் இறங்கிவிட்டது, சீல் போய்விட்டது என்று அர்த்தம். எவ்வளவு குறைத்துக் கொடுத்தாலும் வேண்டாம். சிலிண்டர்களின் கம்ப்ரஷன் (உள்ளழுத்தம்) ஒன்றுக்கொன்று நெருக்கமாக இருக்கிறதா என்றும் கேஜ் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

அடிப்பகுதி

நீளம் 16 அடி, அதாவது 4.9 மீட்டர். அகலம் 2 மீட்டருக்குச் சற்று மேல். நம் மீன்பிடிப் படகு மாதிரி ஒடுக்கமாக இருந்தால் எழும்பி ஓடாது, பக்கவாட்டில் ஆள் இழுக்கும்போது சாயும்.

அணியத்தில், அதாவது படகின் முன்முனையில், அடிப்பகுதி கூர்மையான வி வடிவத்தில் தொடங்கலாம். கழியில் காற்று எழுப்புகிற சிற்றலையை அது வெட்டிக்கொடுக்கும். ஆனால் பின்னால் வர வர வி படுத்துக்கொண்டே வர வேண்டும். அமரத்தில், மோட்டார் மாட்டும் பின்பலகையில், 10 முதல் 12 டிகிரி சாய்வு போதும். பாகைமானி தேவையில்லை. நடுக்கோட்டிலிருந்து பக்கத்துக்கு 90 செ.மீ. போனால் 16 செ.மீ. ஏற்றம் இருந்தால் 10 டிகிரி, 19 செ.மீ. இருந்தால் 12. கடலுக்குப் போகும் படகுகளின் 20 டிகிரி வி-யைப் பார்த்துச் செய்யாதீர்கள். அது அலையில் சுகமாக ஓடும், ஆனால் ஸ்கீக்கு ஆழமான பள்ளத்தை விட்டுப்போகும், மோட்டாரும் கூடக் கேட்கும். முற்றிலும் தட்டையாகவும் வேண்டாம். தட்டை அடி திருப்பத்தில் வழுக்கிக்கொண்டு போகும், வேக்போர்டுக்கு அலையும் கொடுக்காது.

அடியும் பக்கமும் சேரும் விளிம்பில் 5 செ.மீ. அகலத்துக்கு ஒரு தட்டைப் பட்டி விடுங்கள். அது தண்ணீர்த் தெறிப்பைக் கீழே அடித்துத் தள்ளும். அங்கிருந்து கொஞ்சம் தூக்கும் சக்தியும் கிடைக்கும். நடுக்கோட்டில் ஏரா (படகின் அடி முதுகுக்கட்டை) மாதிரி 2.5 செ.மீ. உயரப் பட்டி ஒன்று ஓடினால், ஸ்கீக்காரர் பக்கவாட்டில் இழுக்கும்போது படகு நேராகப் போகும். அந்தப் பட்டி புரொப்பெல்லருக்கு ஒரு மீட்டர் முன்னாலேயே முடிந்துவிட வேண்டும். கடைசிவரை கொண்டுபோனால் காற்றுக்குமிழைக் கொண்டுபோய்ப் புரொப்பெல்லரில் சேர்க்கும், மோட்டார் பிடிப்பில்லாமல் உறுமும்.

எல்லாவற்றையும் விட முக்கியமானது பின்பலகைக்கு முன்னால் உள்ள கடைசி இரண்டு மீட்டர். நீளவாக்கில் அது முழு நேராக இருக்க வேண்டும். கொத்தனார் வைத்திருக்கிற இரண்டு மீட்டர் அலுமினியப் பட்டையை வாங்கி, படகைக் கவிழ்த்து, நடுவிலும் இரண்டு பக்கமும் வைத்து, எதிர்ப்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். வெளிச்சம் கசியும் இடம் பள்ளம், பட்டை ஆடும் இடம் மேடு. என் முதல் படகில் கடைசி ஒரு மீட்டரில் 5 மில்லிமீட்டர் வெளிப்புடைப்பு இருந்தது. கண்ணுக்குத் தெரியாது, கையால் தடவினாலும் தெரியாது. நாற்பது கிலோமீட்டரைத் தாண்டியதும் அணியம் மேலும் கீழும் தலையாட்ட ஆரம்பித்தது. கயிற்றின் நுனியில் இருப்பவருக்கு அது விட்டு விட்டு இழுப்பதாகத் தெரியும். உள்வளைவு இருந்தாலும் கெடுதல்தான். அணியத்தைக் கீழே அழுத்திவிடும், திருப்பத்தில் படகின் முனை தண்ணீரில் குத்திப் பிடித்துக்கொள்ளும். இதைக் கவனிக்க வேண்டிய இடம் அச்சு. படகு அச்சிலிருந்து இறங்கின பிறகு புட்டி வைத்துச் சரிசெய்ய நான் இரண்டு வாரம் பாடுபட்டேன்.

அச்சும் அடுக்கும்

நல்ல செய்தி என்னவென்றால் இந்த அடிப்பகுதி பெரும்பாலும் தட்டைப் பலகைகளால் ஆனது. அதனால் விலை கூடிய அச்சு தேவையில்லை. பிளைவுட்டில் தொட்டி மாதிரி அச்சு அடித்து, உள்பக்கம் பளபளப்பான சன்மைக்கா ஒட்டினேன். மூலைகளை மட்டும் புட்டியால் உருட்டி, தேய்த்து, மெழுகு ஏற்றினேன். ஜெல்கோட் என்கிற வெளிப்பூச்சு கண்ணாடி மாதிரி வந்தது. அந்த அச்சில்தான் நான்கு படகு எடுத்திருக்கிறேன்.

அடிக்கு அடுக்கு இப்படி (எண்கள் சதுர மீட்டருக்கு எத்தனை கிராம் என்பது): ஜெல்கோட், 300 கிராம் மேட், 450 மேட், 610 ரோவிங் (நெய்த ஃபைபர் துணி), 450 மேட், 610 ரோவிங், கடைசியாக 450 மேட். கிட்டத்தட்ட 5 மில்லிமீட்டர் வரும். பக்கத்துக்கு ஒரு ரோவிங்கும் ஒரு மேட்டும் குறைத்துக்கொள்ளலாம். ஃபைபரை ஊறவைக்கும் பிசினுக்கு ஐசோ ரெசின் வாங்குங்கள், சாதாரண ரெசினை விட உப்புத் தண்ணீரை நன்றாகத் தாங்கும். விறைப்பைத் தடிமனிலிருந்து எதிர்பார்க்காதீர்கள். நீளவாக்கில் நான்கு ஸ்டிரிங்கர் (விறைப்புச் சட்டம்), குறுக்கே மூன்று தடுப்பு கொடுத்தால் 5 மில்லிமீட்டர் அடி கல் மாதிரி நிற்கும். ஸ்டிரிங்கருக்குள் நுரைக் கட்டை வைத்து மேலே மேட் போர்த்தினால் போதும்.

எடை ஏறுவது ரெசினில்தான். பட்டறைகளில் வாளியில் கலந்து, பிரஷ் எடுத்ததும் கணக்கில்லாமல் ஊற்றுவது பழக்கம். இரண்டாவது படகுக்கு மளிகைக் கடைத் தராசு ஒன்றை அச்சுக்குப் பக்கத்தில் வைத்தேன். வெட்டிய மேட்டை அதில் வைத்து எடை பார்ப்பது, அந்தத் துண்டுக்கு உரிய ரெசினை மட்டும் மக்கில் கொடுப்பது. மேட் ஒரு கிலோவுக்கு ரெசின் இரண்டேகால் கிலோ, ரோவிங் ஒரு கிலோவுக்கு ஒரு கிலோ. முதல் நாள் பையன்கள் "அண்ணே, பத்தல" என்று சொல்லிக்கொண்டே இருந்தார்கள். ரோலரை அழுத்தி உருட்டச் சொன்னேன். வெள்ளையாக இருந்த இடம் கொஞ்சம் கொஞ்சமாக ஊறிக் கண்ணாடியாக மாறியது. குமிழி எல்லாம் ஓரத்துக்கு ஓடிவந்து வெடித்தது. மாலைக்குள் அவர்களே மக்கில் மிச்சம் வைக்க ஆரம்பித்தார்கள். 520 கிலோ 310 ஆனதில் பாதிப் பங்கு அந்தத் தராசுக்கு உண்டு.

ரெசினை இறுகவைக்கச் சேர்க்கும் கேட்டலிஸ்டையும் கோபால்ட்டையும் ஒருபோதும் நேரடியாக ஒன்றோடொன்று கலக்கக் கூடாது, வெடிக்கும். கோபால்ட்டை முதலில் ரெசினில் கலந்து முடித்த பிறகுதான் கேட்டலிஸ்ட். இரண்டையும் ஒரே அலமாரியில் வைக்கவும் வேண்டாம்.

பின்பலகைக்கு 18 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட் இரண்டு அடுக்கு. துளை போடுகிற ஒவ்வொரு இடத்திலும் துளையின் உள்சுவருக்கும் ரெசின் தடவுங்கள். அங்கிருந்துதான் ஊறல் தொடங்கும். நீளத் தண்டு மோட்டாருக்கு அடியிலிருந்து உயரம் 20 அங்குலம். புரொப்பெல்லருக்கு மேலே இருக்கும் தட்டு, படகின் அடிக்கோட்டுக்கு நேராகவோ ஒரு விரல் மேலேயோ வர வேண்டும்.

மிதப்புக்கு இருக்கைகளின் அடியிலும் பக்கவாட்டிலும் சேர்த்து 400 லிட்டர் பாலியூரித்தேன் நுரை அடைத்தேன். 380 கிலோ தூக்கும். படகு நிரம்பினாலும் மூழ்காது. தெர்மாகோல் வைத்தால் ரெசின் பட்டதும் கரைந்துபோகும், அதனால் அது வேண்டாம்.

எங்கிருந்து இழுப்பது

பின்பலகை வளையத்தில் கயிறு கட்டி இழுத்தால், ஸ்கீக்காரர் பக்கவாட்டில் சாயும்போது அமரத்தையே தன் பக்கம் இழுத்துக்கொண்டு போவார். ஓட்டுநர் நிமிடத்துக்கு இருபது தடவை ஸ்டீயரிங்கோடு மல்லுக்கட்ட வேண்டும். இழுவைப் புள்ளி உள்ளே தள்ளி இருந்தால் அந்த இழுப்புக்கு அமரம் அவ்வளவாகத் திரும்பாது. பெரிய ஸ்கீ படகுகளில் எஞ்சின் நடுவில் இருப்பதால் கம்பத்தையும் நடுவிலேயே நட்டுவிடுகிறார்கள். நமக்கு மோட்டார் பின்னால். பின்பலகையிலிருந்து 1.7 மீட்டர் முன்னே, நடுக்கோட்டில், கம்பத்தை நட்டேன்.

உயரத்தில் ஒரு சிக்கல் இருக்கிறது. கம்பம் தாழ்வாக இருந்தால் கயிறு மோட்டாரின் மூடியில் உரசும். குறிப்பாக ஆள் இன்னும் தண்ணீரில் கிடந்து கைப்பிடி நீர்மட்டத்தில் இருக்கும்போது. உயரமாக இருந்தால் பக்கவாட்டு இழுப்பில் படகு சாயும். தளத்திலிருந்து 1.4 மீட்டர் உயரத்தில் இரண்டுக்கும் சமாதானம் கிடைத்தது. மோட்டாரைச் சுற்றி வளைவுக் குழாய் ஒன்றும் போட்டேன், தொய்ந்த கயிறு மோட்டாரில் சிக்காமல் நழுவிவிடும்.

வெட்டி ஓடுகிறவர் தன் எடையைப் போல இரண்டு மூன்று மடங்கு இழுப்பார். அந்த இழுப்பு 1.4 மீட்டர் நெம்புகோலின் நுனியில் விழுகிறது. தளத்தில் மட்டும் போல்ட் போட்டால் தளத்தையே பெயர்த்துவிடும். கம்பத்தின் காலை இரண்டு நடு ஸ்டிரிங்கருக்கும் குறுக்கே கட்டின தடுப்பில் பொருத்துங்கள், அடியில் 6 மில்லிமீட்டர் துருப்பிடிக்காத எஃகுத் தகடு வையுங்கள். மேலிருந்து முன்னால் இரண்டு பக்கமும் தாங்கு குழாய் கொடுங்கள். படகு தண்ணீருக்குப் போகும் முன் செயின் பிளாக் வைத்துக் கம்பத்தின் நுனியை 400 கிலோவுக்குப் பின்னாலும் இரு பக்கமும் இழுத்துப் பார்ப்பது என் வழக்கம். தள ஓரத்தில் மயிரிழை விரிசல் தெரிந்தால் அன்றைக்கே பிரித்துவிடுவேன்.

வேக்போர்டுக்கு நீர்மட்டத்திலிருந்து இரண்டு மீட்டர் உயரக் கோபுரம் போடலாம். மேலிருந்து இழுத்தால் எழும்புவது சுலபம். ஆனால் அது அவசரமில்லை. முதல் வருடம் கம்பத்திலேயே ஓட்டினோம். கோபுரம் வந்த பிறகு அதில் யாரையும் ஏறி உட்கார விடாதீர்கள், காற்றடைத்த டியூபையும் அதிலிருந்து இழுக்க வேண்டாம். டியூபின் முனை தண்ணீரில் குத்தினால் வருகிற வெட்டு இழுப்பு படகையே சாய்த்துவிடும். டியூபைத் தாழ்வான புள்ளியிலிருந்து இழுப்பதுதான் முறை.

கற்றுக்கொடுக்கிற குழாம் என்றால் கோபுரத்துக்கு முன் பக்கக்குழாய் ஒன்று செய்யுங்கள். கம்பத்திலிருந்து படகின் பக்கவாட்டில் வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் இரண்டு அங்குலக் குழாய், அணியத்துக்கு ஒரு கம்பி இழுத்துக் கட்டியது. தொடக்கக்காரர் அதைப் பிடித்துக்கொண்டு படகுக்குப் பக்கத்திலேயே எழுந்து நிற்கலாம். சொல்லிக்கொடுப்பவர் குரல் காதில் விழும். பின்னால் கயிற்றில் ஒரு நாள் முழுக்க விழுந்து எழுந்த பத்து வயதுப் பெண் ஒருத்தி, இந்தக் குழாயைப் பிடித்து இரண்டாம் முயற்சியிலேயே நின்றாள்.

தண்ணீர் எடை

வேக்போர்டுக்கு ஏற்றும் எடை தண்ணீராகவே இருக்கட்டும். மணல் மூட்டை வைப்பதைப் பார்த்திருக்கிறேன். படகு நிரம்பினால் மணல் கீழே இழுக்கும். தண்ணீர்ப் பை தண்ணீருக்குள் எடையே இல்லாத மாதிரி. விளையாட்டு முடிந்ததும் வெளியே விட்டுவிடலாம், தூக்கிச் சுமக்க வேண்டியதில்லை. தடித்த பிவிசி தார்ப்பாய்ப் பைகள் மூன்று தைக்க வைத்தேன்: பக்கத்துக்கு ஒன்றாக 100 லிட்டர், அணியத்தில் 80. மணிக்கு 1,100 கேலன் தள்ளும் 12 வோல்ட் பம்ப் ஏழெட்டு நிமிடத்தில் மூன்றையும் நிரப்பிவிடும்.

அவுட்போர்டு படகில் பின்னால் ஏற்கெனவே மோட்டாரின் எடை இருக்கிறது. அதனால் பைகளை நடுவுக்கு முன்னே கொண்டுவாருங்கள். பின்னால் எடை கூடினால் அலை செங்குத்தாக, குட்டையாக எழும். முன்னால் கூடினால் நீண்டு, ஏறுவதற்கு மெதுவாக இருக்கும். தொடக்கக்காரருக்கு இரண்டாவதுதான் நல்லது. பையை நிரப்பினால் முழுக்க நிரப்புங்கள், இல்லாவிட்டால் முழுக்கக் காலி செய்யுங்கள். பாதி நிரம்பிய பையில் தண்ணீர் ஒரு பக்கம் ஓடிச் சேர்ந்தால் திருப்பத்தில் படகு கவிழப் பார்க்கும். பைகளுக்குக் கீழே கொக்கி வைத்துக் கட்டிவிடுங்கள். பை நிறைந்த நாளில் ஆட்களைக் குறைக்க வேண்டும். என் படகில் பை நிறைந்திருந்தால் உள்ளே நான்கு பேருக்கு மேல் கிடையாது.

அலையின் உச்சி வெள்ளை நுரையாக உடைந்தால் வேகம் போதவில்லை. ஒரு கிலோமீட்டர், இரண்டு கிலோமீட்டர் ஏற்றுங்கள், அல்லது கயிற்றைக் குறையுங்கள். நாங்கள் 18 மீட்டரில் தொடங்குகிறோம்.

புரொப்பெல்லரும் கயிறும்

மோட்டாரோடு வருகிற புரொப்பெல்லர் பெரும்பாலும் இந்த வேலைக்குப் பொருந்தாது. கணக்கு எளிது. மோட்டாரின் சுற்றைக் கியர் விகிதத்தால் வகுத்து, புரொப்பெல்லரின் பிட்சால் (ஒரு சுற்றுக்கு அது முன்னேறும் தூரம்) பெருக்கினால் நிமிடத்துக்கு எவ்வளவு தூரம் என்று வரும். அதில் 15 சதவீதம் நழுவலுக்குக் கழியுங்கள். 5,500 சுற்று, 1.85 கியர், 11 அங்குலப் பிட்ச் என்றால் 42 கிலோமீட்டர். 14 அங்குலம் என்றால் 54. நான் இரண்டும் வைத்திருக்கிறேன். தண்ணீர் ஏற்றிய நாளில் 11, ஆள் சட்டென்று எழுவார். ஒற்றை ஸ்கீ நாளில் 14. மாற்றக் கால் மணி நேரம் போதும்.

கயிறு விஷயத்தில் நம் கரையில் ஒரு கெட்ட பழக்கம் உண்டு. மீன்பிடி நைலான் கயிறு கையில் இருக்கிறது, அதையே கட்டிவிடுகிறார்கள். நைலான் ரப்பர் மாதிரி நீளும். ஆள் கைப்பிடியை விட்டதும் அது அம்பாகத் திரும்பி வந்து படகில் இருப்பவர் முகத்தில் அடிக்கும். ஸ்கீக்குக் குறைவாக நீளும் பாலிஎதிலீன் கயிறு, வேக்போர்டுக்குக் கிட்டத்தட்ட நீளாத டைனீமா கயிறு. இதில் மட்டும் சிக்கனம் பார்க்காதீர்கள்.

முதல் நாள் பழக்க வேகங்கள்: குழந்தைகள் இரட்டை ஸ்கீயில் 22 முதல் 25, பெரியவர்கள் 35 முதல் 40, வேக்போர்டு கற்பவர் 28 முதல் 30. வேகத்துக்குப் போனில் ஜிபிஎஸ் போதும். படகில் எப்போதும் இரண்டு பேர். ஒருவர் ஓட்ட, இன்னொருவர் பின்னால் திரும்பி உட்கார்ந்து பார்க்க. கட்டைவிரல் மேலே என்றால் வேகம் கூட்டு, கீழே என்றால் குறை, கையைத் தலையில் வைத்தால் கரைக்குப் போகலாம். விழுந்தவர் கையை உயர்த்தினால் நலம் என்று அர்த்தம். மோட்டாரை நிறுத்தும் சாவியின் சுருள் கயிறு ஓட்டுநர் உடம்பில் மாட்டியே இருக்க வேண்டும். விழுந்தவரை ஏற்றப் போகும்போது அவரை ஓட்டுநர் பக்கமாகவே வைத்து நெருங்கி, அருகில் வந்ததும் மோட்டாரை அணைத்துவிடுங்கள். நியூட்ரல் போதாது. ரிவர்ஸில் ஆளை நோக்கிப் போகவே கூடாது. வேக்சர்ஃபிங் என்று படகை ஒட்டியே அலையில் நிற்கும் விளையாட்டை யாராவது கேட்டால் மறுத்துவிடுங்கள். அவுட்போர்டின் புரொப்பெல்லர் பின்பலகைக்கு வெளியே சுற்றுகிறது, விழுகிறவர் அதன் மேல்தான் விழுவார்.

உள்நாட்டு நீர்நிலையில் மோட்டார் படகு ஓட்ட 2021-ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டப்படி பதிவும் சோதனைச் சான்றும் வேண்டும். கட்டத் தொடங்கும்போதே வரைபடத்தையும் அடுக்குக் கணக்கையும் எழுதி வைத்துக்கொண்டால் சோதனைக்கு வருபவரிடம் காட்டலாம்.

இரண்டாவது படகைத் தங்கை மகனே ஓட்டிப் பார்த்தான். பை காலி, 14 பிட்ச், 54 கிலோமீட்டர். இருபது நிமிடம் கயிற்றை விடவில்லை. ஏறி வந்ததும் முழங்காலைத் தடவிப் பார்த்துக்கொண்டு, "அலை இருந்ததே தெரியல மாமா" என்றான். அன்று மாலையே பைகளை நிரப்பி, வேகத்தை 33-க்கு இறக்கி, வேக்போர்டில் நின்றான். முதல் படகில் முட்டியை அடித்த அதே ஒரு சாண் அலை, இப்போது அவன் கேட்டதற்கு மேல் இன்னும் நாலு விரல் கூடுதலாக, நுரையில்லாமல் எழுந்து வந்தது.

ஓட்டி முடித்ததும் மோட்டாரில் பத்து நிமிடம் நல்ல தண்ணீர் விடுங்கள். பைகளை அந்தக் கழியிலேயே கடைசிச் சொட்டுவரை காலி செய்துவிட்டு வாருங்கள். ஒரு நீர்நிலையின் தண்ணீரையும் பாசியையும் இன்னொன்றுக்குக் கொண்டுபோகக் கூடாது. அப்புறம் பைகளின் வாயைத் திறந்து நிழலில் தொங்கவிடுங்கள். வெயிலில் போட்டால் தையல் இரண்டு பருவத்தில் விட்டுப்போகும்.